‘ஒண்ணுமில்லை’ என்று ஓடிய 14 மாதம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையருக்கும் நம்ம ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஷிப்மெண்ட் ஏற்றிவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு வீடு வந்தேன். சமையலறையில் நின்று தண்ணீர் குடிக்கும்போது நெஞ்சு திடீரென்று அடிக்க ஆரம்பித்தது. படபடப்பு என்றால் சாதாரணப் படபடப்பு இல்லை, சட்டை மேலேயே துடிப்பு தெரிகிற மாதிரி. இடது கை மரத்தது. விரல்நுனியில் எறும்பு ஊறியது. மூச்சு எவ்வளவு இழுத்தாலும் பாதியில் நின்றது. ‘அவ்வளவுதான், போகப்போகிறோம்’ என்று தோன்றியது. அந்த நினைப்பை மட்டும் இன்னும் என்னால் சரியாக விளக்க முடியவில்லை. பயந்தேன் என்று சொன்னால் போதாது. சாகப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அப்படித்தான் இருந்தது. மனைவி பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, அவர் காரில் கொண்டு போனார்கள். இசிஜி, ரத்தப் பரிசோதனை, விடியும் வரை கண்காணிப்பு. காலை ஆறு மணிக்கு ஒரு இளம் டாக்டர் வந்து, “ஒண்ணுமில்லை சார், டென்ஷன்தான். ரெஸ்ட் எடுங்க” என்றார். பில் 11,400 ரூபாய்.

அந்த ‘ஒண்ணுமில்லை’தான் என்னை 14 மாதம் அலைய வைத்தது. டாக்டர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், இதயத்தில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது சத்தியம். ஆனால் ஒன்றுமில்லை என்றால் எனக்கு நடந்தது என்ன? அதை யாரும் சொல்லவில்லை. சொல்லாததால், அவர்கள் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டினேன். இதய டாக்டரிடம் எக்கோவும் டிரெட்மில்லும் 4,200. ஏப்ரலில் மறுபடி அதே மாதிரி வந்து வேறொரு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி, 8,600. இருபத்துநாலு மணி நேரம் நெஞ்சில் கருவி மாட்டிப் பார்க்கும் ஹோல்டர் 3,200. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, எண்டோஸ்கோப்பி 3,500. கடைசியில் நானே டாக்டரிடம் கெஞ்சி எடுத்துக்கொண்ட, இதய ரத்தக்குழாயை ஸ்கேனில் பார்க்கும் சிடி ஆஞ்சியோ 9,500. மொத்தம் 40,400. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஒவ்வொன்று கையில் வரும்போதும் நாலு நாள் நிம்மதி, ஐந்தாம் நாள் ‘ரிப்போர்ட் மாறிப் போயிருந்தால்?’

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நெஞ்சு வலித்தால், கை மரத்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இது பதற்றம்தான் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யும் வேலை நமக்குக் கிடையாது. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நான் செய்த தப்பு போனது இல்லை, அதே கேள்வியை ஆறு இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது. முழுசாகப் பார்த்த ஒரு டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அவரிடமே “அப்போ இது பேனிக் அட்டாக்காக இருக்குமா? நான் யாரைப் பார்க்கணும்?” என்று கேளுங்கள். திடீரென்று உச்சத்துக்கு ஏறுகிற பதற்றத்துக்குப் பேர் அது. அந்த வார்த்தையை நாமாகக் கேட்காவிட்டால் பல பேர் அவர்களாகச் சொல்வதில்லை. வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு நேரம்?

இதற்கு நடுவில் என் வீட்டில் நடந்ததுதான் உண்மையான நஷ்டம். என் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. காதல் கல்யாணம் கிடையாது, பார்த்து வைத்ததுதான், ஆனால் ஏழு வருஷம் நல்லபடியாகப் போனது. இந்தப் படபடப்பு வந்தபிறகு எனக்கு இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவள் முகம் கொஞ்சம் வாடினால், “கோவமா?” என்று கேட்பேன். “இல்லீங்க மாமா” என்பாள். கால் மணி நேரம் கழித்து, “நெஜமாவே கோவமில்லையே?” அவள் ஸ்கூலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். இடைவேளையில் கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் மறுபடி. ஒரு நாள் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தேன், பிற்பாடு அவள்தான் எண்ணிக் காட்டினாள். வகுப்பு நடுவில் போன் அடித்து தலைமையாசிரியை கூப்பிட்டு எச்சரித்த விஷயத்தை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அதற்கும் பத்து தடவை மன்னிப்புக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். அக்டோபரில் பொண்ணைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள், இரண்டு மாதம் வரவில்லை. சண்டை போட்டுப் போகவில்லை. “பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் அம்மா ஆரோ கண்ணு வெச்சுட்டாங்க என்று வியாழக்கிழமை தோறும் மிளகாய் சுற்றிப் போட்டார். கையில் மந்திரித்த கயிறு ஏறியது. அதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் அது, சுற்றிப் போடும்போது அவர் கை என் தலையில் பட்டது எனக்கு இதமாகத்தான் இருந்தது. வருத்தம் மாத்திரை விஷயத்தில்தான். ஒரு டாக்டர் பத்து நாளைக்கு மட்டும் என்று அல்பிரஸோலம் என்ற பதற்றத்தை அடக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சீட்டில் ‘10 நாள்’ என்று தெளிவாகவே இருந்தது. நான் அந்தச் சீட்டைக் காட்டியே நாலு மாதம் வாங்கிப் போட்டேன். அது வேலை செய்யும், அதுதான் ஆபத்தே. போட்ட அரை மணியில் அடங்கும். அப்புறம் அது சட்டைப் பையில் இல்லாமல் வீதி முக்குக் கடைக்குக்கூடப் போக முடியாது என்று ஆகும். இப்படி மாட்டியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். எனக்கு ஏழு வாரம் ஆனது.

‘இது மனசு சம்பந்தப்பட்டது’ என்று எனக்கு ஆறேழு மாதத்திலேயே தெரியும். தெரிந்தும் போகவில்லை. சின்ன வயதில் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் ‘இவனைக் கீழ்ப்பாக்கம் அனுப்பணும்’ என்று கேலி செய்வோம். சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி அது, எத்தனையோ ஆயிரம் குடும்பத்துக்கு வெளிச்சம் காட்டியிருக்கும், நமக்கு அது வசவு வார்த்தை. அந்தக் கேலியைச் செய்த வாயால் ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று எப்படிச் சொல்வது? பெங்களூரில் இருக்கும் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலச் சிக்கல் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை எதுவும் இல்லாமலே இருக்கிறார்கள் என்று வந்ததாம். தமிழ்நாடும் அதில் உண்டு. இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

மனைவி தாராபுரம் போன மூன்றாவது வாரம், ராத்திரி ஒன்றரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மூன்று தடவை போட்டுக் கட் பண்ணினேன். நாலாவது தடவை ஒரு பெண் எடுத்து, “சொல்லுங்க, அவசரமில்லை” என்றார். இருபது நிமிஷம் பேசினேன். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் போங்கள், காசு கிடையாது என்றார். நான் போகவில்லை. ஓ.பி. சீட்டு வரிசையில் எங்கள் கம்பெனி டெய்லர் யாராவது நின்றால் என்ன ஆகும் என்ற பயம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த டெய்லரும் அதே வரிசையில்தானே நிற்பார்!

அதற்குப் பதிலாக நான் செய்த காரியம், ஊர் தாண்டி ஒரு ‘கவுன்சலிங் சென்டரை’ப் பிடித்தது. பத்து சிட்டிங் மொத்தமாகக் கட்டினால் 12,000, தனித்தனியாகக் கட்டினால் ஒன்றுக்கு 1,500 என்றார்கள். சேலையில் தள்ளுபடி பார்க்கிற புத்தி, மொத்தமாகக் கட்டிவிட்டேன். உள்ளே இருந்தவர் முதல் அரை மணி அவர் எழுதிய தன்னம்பிக்கைப் பேச்சைச் சொன்னார். நான் மனைவி விஷயத்தை எடுத்ததும், “பொம்பளைங்களை ரொம்ப கெஞ்சக் கூடாது சார், ரெண்டு மாசம் போன் பண்ணாம இருங்க, தானா வருவாங்க” என்றார். இரண்டாவது தடவை, எனக்குத் தெரிந்த இன்னொருவர் குடும்பக் கதையை ஆள் அடையாளம் தெரிகிற மாதிரியே உதாரணமாகச் சொன்னார். அப்படியானால் என் கதை யாரிடம் போகும்? எழுந்து வந்தவன் திரும்பப் போகவில்லை. பாக்கி எட்டு சிட்டிங் காசு திரும்பி வரவில்லை.

ஆகவே பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே மனநலம் படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யில் பதிவு எண் வைத்திருப்பார். அந்த எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, ஒழுங்கானவர்கள் சந்தோஷமாகவே காட்டுவார்கள். ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டியவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, வார இறுதி வகுப்பு போய் வந்தவர்களும் உண்டு, ஆகவே என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். மொத்தமாகப் பணம் கட்டவே கட்டாதீர்கள். அடுத்தவர் கதையை உங்களிடம் சொல்கிறவர் உங்கள் கதையை அடுத்தவரிடம் சொல்வார்.

2024 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஒரு உளவியலாளரிடம் போனேன். முந்தினவரிடம் பட்ட சூடு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயம், கருமத்தம்பட்டி தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்ற யோசனை, இதோடுதான் போய் உட்கார்ந்தேன். முதலில் ஜிஏடி-7 என்று பதற்றத்தை அளக்கும் ஒரு தாளை நீட்டினார்கள். ஏழு கேள்வி, போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை போட வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு படி குறைத்துப் போட்டு மொத்தம் 6 வர வைத்தேன், பத்தாம் வகுப்பில் கணக்குக்கு விடை வர வைத்த மாதிரி. உள்ளே போய் பதினைந்து நிமிஷம் அமெரிக்க ஆர்டர், நூல் விலை, கரண்ட் பில் எல்லாம் பேசினேன். அவர் குறுக்கிடவில்லை. நான் ஓய்ந்தபிறகு கேட்டார்: “இங்க வரணும்னு ஒரு மனசு சொல்லியிருக்கும். வேண்டாம்னு ஒரு மனசும் சொல்லியிருக்கும். அந்த வேண்டாம்ங்கிற மனசு என்ன சொல்லுச்சு?”

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லாரும் வரச் சொன்ன மனசோடுதான் பேசினார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் எழுதினார். வெளியே தெரிந்துவிடும். பைத்தியம் என்று பேர் வரும். காசு போகும். நீங்களும் என் மனைவி பக்கம் பேசுவீர்கள். அல்லது என் பக்கம் பேசி எங்களைப் பிரித்துவிடுவீர்கள். இதெல்லாம் போக, நான் அழுதுவிடுவேன். கடைசியைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன், அது வேறு விஷயம். அவர் எதையும் ‘அப்படியெல்லாம் இல்லீங்க’ என்று தள்ளவில்லை. முதல் வரியை மட்டும் எடுத்து விளக்கினார். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி என் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது என் உரிமை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலோ கோர்ட் கேட்டாலோ தவிர என் அனுமதி இல்லாமல் வெளியே போகாது, அப்படி ஒரு நிலை வந்தால் முதலில் என்னிடம்தான் சொல்வார். அப்புறம், “நாலு தடவை பார்ப்போம். அஞ்சாவது தேவையா இல்லையான்னு நீங்க முடிவு பண்ணுங்க” என்றார். கட்டணம் 1,200, அந்தந்தத் தடவைக்கு மட்டும்.

இவ்வளவு நல்லவிதமாக ஆரம்பித்தும் நான் இரண்டாவது தடவையோடு நின்றுவிட்டேன். அன்றைக்கு அவர் கேட்டது இதுதான்: “கோவமில்லைன்னு உங்க மனைவி சொன்னதும் எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்கும்?” ஐந்து நிமிஷம் என்றேன். “ஆஸ்பத்திரி ரிப்போர்ட்?” நாலு நாள். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே ஆத்திரம். நெஞ்சு வலிக்குப் போனால் குடும்பத்தைக் கிளறுகிறாரே என்று. அடுத்த வியாழன் ஷிப்மெண்ட் என்று பொய் சொன்னேன், அதற்கடுத்த வியாழன் பதிலே சொல்லவில்லை. அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது, எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமல் இருந்தாலும் சரி என்று. அவ்வளவுதான். துரத்தியிருந்தால் நான் கண்டிப்பாகப் போயிருக்க மாட்டேன். ஐந்து வாரம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றபோது, ஏன் வரவில்லை என்று கேட்காமல், “போன தடவை நான் கேட்டதுல எது உங்களுக்கு அதிகமாப் போச்சு?” என்றார். சொன்னேன். அன்றைக்குத் தாளையும் மறுபடி நிரப்பினேன். 16 வந்தது.

தயங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனை இதுதான்: தயக்கத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், அதையே முதல் விஷயமாகக் கொண்டுபோய்ப் போடுங்கள். ‘எனக்கு உங்கள்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை’, ‘போன தடவை நீங்கள் கேட்டது பிடிக்கவில்லை’, ‘வீட்டில் செய்யச் சொன்னதைச் செய்யவில்லை, செய்தேன் என்று பொய் சொன்னேன்’. இந்த மூன்றையும் நான் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிகிச்சை ஒரு படி நகர்ந்தது. கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் மாற்றிவிடுங்கள், அதற்கும் இந்தப் பேச்சே சோதனை. ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றும் கிடையாது. ‘ஈரக்குலை நடுங்குது’ என்று நான் சொன்னதை அவர் அப்படியே குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு பதற்றம் என்ற சொல்லையே விட்டுவிட்டார். “இந்த வாரம் ஈரக்குலை எத்தனை தடவை நடுங்குச்சு?” என்றுதான் கேட்பார்.

நாலாவது தடவை நடந்ததை மறக்கவே முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறையிலேயே நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் ஓடச் சொன்னார். மேஜைக் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். இஸ்திரி போட்ட பேண்டோடு தொங்கு தொங்கென்று ஓடினேன், மேஜை மேல் இருந்த டம்ளரும் கூடவே குதித்தது. நிறுத்தினதும் நெஞ்சு அடித்தது, அதே அடி. “இப்போ என்ன தோணுது?” ஓடினதால் அடிக்கிறது என்றேன். “சமையலறையில அடிச்சப்போ?” சாகப்போகிறேன் என்று. “அடி ஒண்ணுதான். அதுக்கு நீங்க வெச்ச பேருதான் வேற.” பிறகு காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நெஞ்சு படபடக்கிறது, மனசு ‘ஆபத்து’ என்கிறது, உடம்பு அதை நம்பி இன்னும் வேகமாக மூச்சு விடுகிறது, வேக மூச்சில் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது, அதைப் பார்த்து மனசு ‘பார்த்தாயா’ என்கிறது. பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடுமாம், நான் எதுவுமே செய்யாவிட்டாலும்கூட. பதினான்கு மாதமும் 40,400 ரூபாயும் கொடுத்து நான் தேடிய பதில் அந்த வட்டத்துக்குள் இருந்தது. சந்தோஷத்துக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

விளக்கம் கிடைத்ததும் குணமாகிவிடவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் பஸ் ஏறுவது, வாசல் பக்கம் நிற்காமல் நடு சீட்டில் ஜன்னலோரம் உட்காருவது என்று ஒவ்வொரு படியாகச் செய்ய வேண்டியிருந்தது. முதலில் பல்லடம் வரைக்கும், அப்புறம் சூலூர், அப்புறம் சிங்காநல்லூர். பல்லடத்திலேயே இரண்டு தடவை இறங்கி ஓடியிருக்கிறேன். மாத்திரை குறைக்க அவரே ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார், அவர் வேறொரு மாத்திரை தொடங்கி, இது பிடிக்க மூன்று நாலு வாரம் ஆகும், முதல் வாரம் வயிறு கொஞ்சம் பிரட்டும் என்று முன்கூட்டியே சொன்னார். சொல்லியிருக்காவிட்டால் மூன்றாம் நாளே தூக்கிப் போட்டிருப்பேன்.

இப்போது என் பெரிய முட்டாள்தனம். இதையெல்லாம் மனைவியிடம் சொல்லவே இல்லை. டிசம்பர் கடைசியில் அவளே திரும்பி வந்திருந்தாள், மறுபடி பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை தோறும் பிற்பகலில் கம்பெனியில் ஆள் இல்லை, போன் சைலண்டில், கையில் 1,200 குறைகிறது, முகம் அழுத மாதிரி இருக்கிறது. அவள் என்ன நினைப்பாள்? நீங்கள் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள். ஜூனில் ஒரு நாள் சட்டைப் பையில் இருந்த காந்திபுரம் பஸ் டிக்கெட்டை மேஜையில் வைத்து, “யாருன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். நான் ரசீதுகளை எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுக்கா ஒளிச்சீங்க? வேற பொம்பளைன்னா எங்கிட்ட சொல்லியிருப்பீங்க போல” என்று சொல்லி ஓவென்று அழுதாள். ரகசியம் சட்டப்படி என் உரிமைதான். ஆனால் யாரிடம் மறைக்கிறோம் என்று பார்த்து மறைக்க வேண்டும். கூட இருப்பவர் கெட்டதைத்தான் ஊகிப்பார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, ‘இன்ன இடத்துக்கு இன்ன கிழமை போகிறேன், உள்ளே பேசுவதைக் கேட்காதே’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஏழாவது தடவை அவளும் வந்தாள். நான் தனியாகச் சொன்னதில் எதைப் பேசலாம், எது கூடாது என்று முன்னாலேயே என்னைக் கேட்டுக்கொண்டார் உளவியலாளர், இதை நீங்களும் உறுதி செய்துகொள்ளுங்கள். (கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அடி உதை இருக்கிற வீடானால் அந்தப் பெண்ணிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும்.) நான் குற்றவாளிக் கூண்டை எதிர்பார்த்துப் போனேன். அவள் சொன்னது வேறு. “எனக்கு நெஜமா கோவம் வந்தாலும் காட்ட முடியலீங்க மேடம். காட்டினா இவருக்கு நெஞ்சு வலி வந்துருமோன்னு பயம். அதனால எப்பவும் இல்லை இல்லைன்னே சொல்லிட்டு இருக்கேன்.” நான் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் பல தடவை பொய். எனக்கும் உள்ளூர அது தெரிந்துதான் இருக்கிறது, அதனால்தான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அது தாங்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று வருஷக்கணக்கில் ‘ஒண்ணுமில்லை’ போட்டு மூடியிருக்கிறோம்.

அங்கே உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் “கோவமா?” என்று கேட்டால் அவள் சமாதானம் சொல்ல வேண்டாம், திட்டவும் வேண்டாம், “கால் மணி” என்று மட்டும் சொல்வாள். பதினைந்து நிமிஷம் நான் அந்த ஈரக்குலை நடுக்கத்தோடு சும்மா இருக்க வேண்டும். அதற்கப்புறமும் கேட்கத் தோன்றினால் ஒருதடவை கேட்கலாம், அவள் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அந்தக் கால் மணி நேரம் கழிவதற்குள் பிராணன் போய்விட்டது. பாத்திரம் எல்லாம் கழுவினேன். வாசல் தெளித்தேன். பொண்ணு, “அப்பா ஏன் ராத்திரியில வாசல் தெளிக்கறாங்க?” என்று கேட்டாள். மூன்றாவது வாரம் பாதி தடவை கேட்க மறந்துபோனேன். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் ‘ஒண்ணுமில்லை, பயப்படாதே’ என்பதைக் குறைத்து, அவரோடு பேசி இதுபோல ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்குத் தெரியாமல் நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள், அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

முதல் சுற்றில் மொத்தம் 11 தடவை போனேன், 13,200 ரூபாய். இப்போதும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன், வியாழக்கிழமை என்று கம்பெனியில் சொல்லிவிட்டே. படபடப்பு அறவே போகவில்லை. போன மாதம்கூட சூலூர் தாண்டி ஒன்று வந்தது, வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன், எட்டாவது நிமிஷம் இறங்கியது.

முந்தாநாள் ராத்திரி அவள் தோசை ஊற்றுகிற சத்தமே ஒரு மாதிரியாக இருந்தது. கரண்டி கல்லில் ‘டங்’ என்று விழுந்தது. “கோவமா?” என்றேன். “கால் மணி” என்றாள். பொண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி போய்க் கேட்டேன். “ஆமாங்க, கோவந்தான். சிலிண்டர் புக் பண்ணுங்கன்னு சொல்லி மூணு நாளாச்சு.” போனை எடுத்து புக் பண்ணினேன். சட்னியில் அன்றைக்கு உப்பு கொஞ்சம் கூடத்தான்.